பக்கத்து இருக்கைக் கதவு

ஸ்பீக்கர் மாற்றிய அன்று பட்டறையில் இருந்தவர்கள் இவர்கள்: பட்டறைக்காரர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகள் பாப்பா, பாப்பாவின் கணவரான வாத்தியார், வாத்தியாரின் அப்பா சர்வேயர், வாத்தியாரின் அம்மா. அவ்வளவுதான். தானும் நின்று பார்த்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை.

பட்டறைக்காரருக்குக் கார்களில் பாட்டுப்பெட்டியும் ஸ்பீக்கரும் பொருத்துவது தொழில். நெடுக வளர்ந்த மனிதர், முதுகு வளையாது. "இவர் தலை குனியறத பாக்கணும்னா கார்க் கதவா பொறந்திருக்கணும்" என்று எதிர்ச்சாரி டயர்க்கடைக்காரர் அவர் காதில் விழும்படியே சொல்வார். பட்டறைக்காரருக்கு உள்ளூர அது பிடிக்கும். அவர் கையை விட்டுப் போன கதவு குறை என்று திரும்பி வந்ததில்லை. மகளின் கல்யாணப் பேச்சின்போதும் அதைத்தான் சொன்னார். "எங்ககிட்ட பெருசா ஒண்ணும் கிடையாதுங்க. பேரு இருக்கு." நிலம் அளந்தே தலை நரைத்த சர்வேயர், எதையும் இரண்டு தடவை அளக்காமல் ஒப்புக்கொள்ளாதவர், அந்த ஒரு வார்த்தையில் சாய்ந்துவிட்டார்.

சர்வேயர் வீட்டுக் காரின் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் கிழிந்து, பாடுகிறவர்களுக்கெல்லாம் சளி பிடித்தது போலக் கரகரத்தன. அதைப் பற்றிச் சர்வேயருக்குக் கவலையில்லை. அவருக்குச் சத்தமே ஆகாது. கவலைப்பட்டவர் சம்பந்தியம்மா.

"வீட்டுல ரேடியோ வச்சா இவருக்குத் தலை வலிக்குது" என்றார் பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தபடி. "மத்தியானம் நானும் உங்க பொண்ணும் வாசல்ல நிக்கிற கார்ல போய் உக்காந்து பாட்டுக் கேக்கறோம். ஊர்ல எல்லாரும் எங்கயாவது போறதுக்குக் கார்ல ஏறுவாங்க. நாங்க எங்கயும் போகாம இருக்கிறதுக்கு ஏறுறோம்."

"பெட்ரோல் செலவில்லையே" என்றார் சர்வேயர்.

"பாத்தீங்களா? சந்தோஷத்தையும் அளந்துதான் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரரும் சிரித்தார். மகளும் மாமியாரும் ஒரே காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள் என்பதில் அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

வேலை தொடங்கியது. கார்க் கதவுக்குள் தண்ணீர் போகும் என்பது பலருக்குத் தெரியாது. மழை பெய்தால் கண்ணாடியை ஒட்டி வழிகிற தண்ணீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அது கதவின் இயல்பு. அந்தத் தண்ணீர் ஆள் உட்காரும் பக்கம் வராமல் தடுப்பது ஒரு பிளாஸ்டிக் தாள். டோர் பேட் என்கிற உள்பலகைக்குப் பின்னால், சுற்றிலும் கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரை மாற்றுவதென்றால் பலகையைக் கழற்றி, அந்தத் தாளையும் உரித்தாக வேண்டும். அவசரக்காரர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். பட்டறைக்காரர் அப்படிச் செய்யமாட்டார். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, சுருளாக வரும் புதுப் பசையை ஓரம் முழுக்க ஓட்டி, தாளைப் பழையபடி பதிப்பார். ஸ்பீக்கரின் காந்தத்துக்கு மேலே குடை மாதிரி ஒரு மறைப்பு வைப்பார். ஒயரை நேராக இழுத்துக் கட்டாமல் கீழே சற்றுத் தொங்கவிட்டு ஏற்றுவார். ஒயரில் இறங்கும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். அடி ஓட்டைகளில் குச்சி விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஓட்டுபவர் பக்கத்துக் கதவை அப்படித்தான் முடித்தார். பக்கத்து இருக்கைக் கதவில் மேல் ஓரமும் இரண்டு பக்க ஓரங்களும் முடிந்தபோது பசைச்சுருள் தீர்ந்துபோனது. அலமாரியில் கைவிட்டுத் துழாவினார். புதுச்சுருள் இல்லை. முந்தின நாள் கடைசியாக வந்த வண்டிக்கு எடுத்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வண்டி நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். எந்த வாடிக்கையாளரிடமும் தயங்காமல் சொல்லியிருப்பார். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து சர்வேயர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கடைத்தெருவுல எத்தனையோ பேர் இருக்காங்க. சம்பந்தி பட்டறையில இல்லாதது எங்கயும் இல்லன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

பட்டறைக்காரர் அலமாரியை மூடினார். கீழ் ஓரத்தில் மிச்சமிருந்த பழைய பசை தூசி படிந்து காய்ந்துபோயிருந்தது. சூடான காற்று ஊதி அதை இளக்கி, தாளை வைத்து அழுத்தி, மேலே அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு நாடாவை இழுத்து ஒட்டினார். எந்த ஓரம் ஒட்டாவிட்டாலும் கீழ் ஓரம் ஒட்டியாக வேண்டும். தண்ணீர் தேடி வருவது அந்த வழியாகத்தான். அது அவருக்குத் தெரியும். அவருக்குத் திருகாணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பாப்பாவுக்கும் தெரியும்.

"அப்பா, கீழ..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த நீள ஸ்க்ரூவ எடு."

எடுத்துக் கொடுத்தாள். பலகை மூடிக்கொண்டது. பாட்டுப் போட்டதும் சம்பந்தியம்மா கதவில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்தார். "அடடா, பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கே. இனிமே நான் சமையலறைப் பக்கமே வரமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே பட்டறைக்காரர் புதுச்சுருள் வாங்கிவிட்டார். அடுத்த முறை அவர்கள் வரும்போது, சும்மா பார்க்கிறேன் என்று சொல்லிக் கதவைப் பிரித்துக் கீழ் ஓரத்தைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது எண்ணம். அவர்கள் வரவில்லை. மழைதான் வந்தது.

பாப்பா போன் செய்தாள். "அப்பா, பக்கத்து சீட்டுல கால் வைக்கிற இடம் ஈரமா இருக்கு. மிதியடியத் தூக்கினா கீழயும் ஈரம்."

"யாராவது பாத்தாங்களா?"

"மாமாதான் பாத்தாரு. கண்ணாடிய யாரு திறந்து விட்டதுன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்லிட்டேன்."

"நீ எதுக்குடி சொன்னே?"

"வேற என்னன்னு சொல்றது?"

பட்டறைக்காரர் அலமாரியிலிருந்த புதுச்சுருளைப் பார்த்தார். "சரி, ஒரு நடை இங்க எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார்.

அவளும் சொல்லிப் பார்த்தாள். "கண்ணாடிய மூடுறதுக்கு எதுக்கும்மா பட்டறை? கையப் பயன்படுத்தினா போதும்" என்று சர்வேயர் முடித்துவிட்டார். தானே சாமான் பெட்டியோடு கிளம்பிப் போகலாமா என்று பட்டறைக்காரர் யோசித்தார். அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஏறினாலும், எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? நல்ல வெயில் அடித்தது. ஈரம் காய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேலே விரித்த விரிப்பு காய்ந்துதான் இருந்தது. அதற்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சுத் தட்டு ஒரு தடவை குடித்த தண்ணீரை லேசில் விடாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

அடுத்த மழை விடிய விடியக் கொட்டியது. காலையில் சம்பந்தியம்மா பல் துலக்கப் போன இடத்தில் ஒரு பக்கமாகச் சரிந்தார். வாய் கோணியிருந்தது. வாத்தியார் அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து காரின் பின் இருக்கையில் கிடத்தினார். சாவியைத் திருப்பினார். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன. மறுபடி திருப்பினார். கதவுப் பூட்டுகள் தாமாகவே பூட்டித் திறந்து பூட்டின. அதற்குமேல் எந்த அசைவும் இல்லை.

சர்வேயர் நனைந்தபடி தெருமுனைக்கு ஓடினார். கைகாட்டிய வண்டிகள் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போயின. ஆம்புலன்ஸ், தண்ணீர் தேங்கிய பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. கடைசியில் காய்கறி ஏற்றும் வண்டி ஒன்று நின்றது. கூடைகளுக்கு நடுவே சம்பந்தியம்மாவைக் கொண்டுபோனார்கள்.

உயிர் தப்பியது. வலக்கையும் வலக்காலும் பேச்சும் போயின. "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்து, வீட்டாரின் முகங்களைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார். சொல்லியிருந்தால்கூட ஒருவேளை மனசு ஆறியிருக்கும். சொல்லாமல் விட்ட பாதியை ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொண்டார்கள்.

இரண்டொரு நாள் கழித்து காரைப் பார்க்க வந்த மெக்கானிக் முன் இருக்கைக்குக் கீழே விரிப்பைத் தூக்கினார். பஞ்சுத் தட்டை அழுத்தியதும் விரல் இடுக்கெல்லாம் தண்ணீர் வந்தது. அதன் அடியில்தான் காரின் மூளை மாதிரியான பெட்டி. அதன் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. "சார், இது கண்ணாடி வழியா வந்த தண்ணி மாதிரிதான் இருக்கு. யாராவது மழையில திறந்து விட்டீங்களா?"

சர்வேயர் திரும்பி மருமகளைப் பார்த்தார். ஏற்கெனவே ஒரு முறை ஒப்புக்கொண்டவள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முந்தின நாள் மத்தியானம் அத்தையோட உக்காந்திருந்தேன் மாமா. கண்ணாடிய மூட மறந்துட்டேன். காலையில எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னாடிதான் போய் மூடினேன்."

அதற்குப் பிறகு சர்வேயர் வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாத்தியார் சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துக் கை கழுவினார்.

பட்டறைக்காரர் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து புலம்பினார். "நம்ம பொண்ணா கண்ணாடிய மூட மறந்தா? சின்ன வயசுலயே தூங்கப் போறதுக்கு முன்னாடி எல்லாத் தாழ்ப்பாளையும் தடவிப் பாத்துட்டு வருவாளே. என்னால நம்பவே முடியலங்க."

பட்டறையில் ஒரு வண்டி பாதி பிரித்துக் கிடந்தது. பட்டறைக்காரர் எழுந்து போய் அதன் கதவருகே உட்கார்ந்தார், கை ஓடவில்லை. கீழ் ஓரம் கீழ் ஓரம் என்று மண்டைக்குள் ஒரே சத்தம். அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பசை தீர்ந்தது, அலமாரியை மூடியது, பழுப்பு நாடா, எல்லாம்.

அந்த அம்மாள் எழுந்து போய் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டு வந்து வைத்தார்.

"போய்ச் சொல்லிட்டு வாங்க."

"பேரு போயிடும்டி."

"போகட்டும். உங்க பேரு வாய் பேசாதவங்கள எழுப்பி உக்கார வைக்குமா? எம்பொண்ணு முகத்தப் பாத்துட்டு வந்திருக்கேன் நான். போங்க."

போனார். சாமான் பெட்டியையும் அந்தப் புதுச்சுருளையும் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறினார். முன்னறையில் சன்னலோரம் கட்டில் போட்டிருந்தது. சம்பந்தியம்மா தலையணைகளில் சாய்ந்திருந்தார். பாப்பா கரண்டியால் கஞ்சி ஊட்டி, வழிந்ததைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். அப்பாவையும் பார்த்தாள், பெட்டியையும் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றது.

பட்டறைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே, முதுகு விறைத்தபடியே சொன்னார். "சம்பந்தி, உங்க வீட்டுக்கு வந்த கஷ்டத்துக்குக் காரணம் நான். கதவுக்குள்ள தாள் ஒட்டுறப்ப எங்கிட்ட பசை தீந்துபோச்சு. உங்ககிட்ட சொல்லக் கௌரவம் பாத்தேன். கீழ் ஓரத்த ஒழுங்கா ஒட்டாம மூடிட்டேன். தண்ணி அந்த வழியாத்தான் உள்ள வந்திருக்கு. எம்பொண்ணு கண்ணாடிய மூட மறக்கல. எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருக்கா."

சர்வேயர் அவரை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒருவிதமான மரியாதை இருந்தது.

"உக்காருங்க சம்பந்தி" என்றார். "நானும் பொண்ணப் பெத்திருந்தா இதைத்தான் செஞ்சிருப்பேன்."

"ஐயோ, அப்படியில்லங்க..."

"உங்க வேலை எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்துல ஒரு வண்டி திரும்பி வந்திருக்கா உங்ககிட்ட? அந்த மனுஷனா பசை இல்லாம மூடுவாரு? பொண்ணுக்காக உங்க பேரையே கொண்டாந்து எங்க வாசல்ல கொட்டறீங்க. பெரிய மனசு. ஆனா வேண்டாம்."

"மாமா, அவளே ஒத்துக்கிட்டா" என்றார் வாத்தியார் மெல்ல. "ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை."

"நான் சொல்றத நம்பவேணாம் மாப்பிள்ளை. கதவைப் பிரிக்கிறேன். நீங்களே கண்ணால பாருங்க. கீழ் ஓரத்துல பழுப்பு நாடா தொங்கிக்கிட்டு இருக்கும்."

"வேணாம்ப்பா" என்றாள் பாப்பா. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "மறந்தது நான். நீங்க எதுக்கு வந்து இல்லாததெல்லாம் பேசறீங்க? வீட்டுக்குப் போங்க."

"நீ சும்மா இரு."

கார் முன்னறைச் சன்னலுக்கு நேர் எதிரே, வாசலில், நகராமல் நின்றது. பட்டறைக்காரர் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து மண்டியிட்டார். கைப்பிடித் திருகாணிகளைக் கழற்றி, கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பலகையைத் தூக்கி எடுத்துச் சுவரில் சாய்த்தார். அவருக்குப் பின்னால் சர்வேயரும் வாத்தியாரும் குனிந்து பார்த்தார்கள்.

தாள் கதவோடு கதவாகப் படிந்திருந்தது. கீழ் ஓரம் முழுக்கப் புதுப்பசை. இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கட்டைவிரலால் அழுத்திய தடங்கள், தையல் போட்டது போல ஒரே சீராக. பழுப்பு நாடாவின் சுவடே இல்லை. முன்பு உரிக்கும்போது மூலையில் விழுந்திருந்த ஒரு கீறல்கூட ஒட்டுப்போட்டு அடைக்கப்பட்டிருந்தது.

பட்டறைக்காரர் அந்த ஓரத்தில் விரலை வைத்தார். அவர் பட்டறையில் வாங்குவது கறுப்புப் பசை. இது சாம்பல் நிறம். வேறு எந்தக் கடையிலோ வாங்கியது. கட்டைவிரல் தடம் அவருடையதைவிடச் சிறியது.

திரும்பிப் பார்த்தார். பாப்பா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை ஒரு பக்கம் அசைத்தாள்.

"இது நான் ஒட்டினதில்ல" என்கிற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம். நிறத்தைக் காட்டலாம், தடத்தைக் காட்டலாம். பிறகு யார் ஒட்டியது என்று கேட்பார்கள். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, திருட்டுத்தனமாகக் கதவைப் பிரித்துத் தடயத்தை அழித்தவள் இந்த வீட்டு மருமகள் என்று ஆகும். இப்போது அவள் மறதிக்காரி. அப்புறம் சூதுக்காரி. மறதியை ஒருவேளை காலம் மன்னிக்கும். சூதை மன்னிக்காது. அவர் வாயைத் திறந்தபடியே மண்டியிட்டிருந்தார்.

"தண்ணி ஊத்திப் பாருடா" என்றார் சர்வேயர்.

வாத்தியார் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கண்ணாடிமேல் ஊற்றினார். அது வழிந்து கதவுக்குள் இறங்கி, அடி ஓட்டைகள் வழியாக ஒழுங்காக மண்ணில் கொட்டியது. இன்னொரு குடம் ஊற்றினார். சர்வேயர் தாளின் இந்தப் பக்கம் கையை வைத்துத் தடவினார். உள்ளங்கையைத் திருப்பிச் சம்பந்தியிடம் காட்டினார். உலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? உங்க வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லாட்டி எப்படி?" என்றார். "குத்தம் இங்க இல்ல சம்பந்தி. மூடுங்க."

அந்த நேரத்தில்தான் முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சம்பந்தியம்மா சன்னல் கம்பியை இடக்கையால் பற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார். வெறும் ஆ, ஆ என்றுதான் வந்தது. முகமெல்லாம் நீர். மழைக்கு முந்தின மத்தியானம் காரில் கூடவே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பாட்டு வெளியே போய்விடக் கூடாது என்று கண்ணாடியை எப்போதும் ஏற்றச் சொல்பவரும் அவர்தான். பாப்பா பாய்ந்து உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக் கம்பியிலிருந்து விடுவித்தாள். அவரோ அவள் கன்னத்தைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"அவ முகத்தப் பாத்தாலே இவளுக்கு ஆத்திரம் வருது" என்றார் சர்வேயர். "டாக்டர் ஆத்திரப்படக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

பட்டறைக்காரர் பலகையைத் திரும்ப மாட்டினார். பழகிய கை தானாகவே கிளிப்புகளைத் தட்டித் தட்டிப் பொருத்தியது. கைகழுவக் குழாயடிக்குப் போனபோது பாப்பா துண்டோடு வந்தாள்.

"எப்ப செஞ்சே?" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கேட்டார்.

"எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தப்போ. துணி எடுத்துட்டு வர்றேன்னு வந்தேன். மெக்கானிக்கு வர்றதுக்குள்ள முடிக்கணும்ல."

"என்னைக் கேக்கணும்னு தோணலயா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"பாப்பா, எனக்கு அந்தப் பேரே வேணாம்டி. நான் மறுபடி போய்ச் சொல்றேன். பசையோட நிறத்தச் சொல்றேன்..."

"சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பினா இன்னும் மோசம்." அவள் துண்டை நீட்டினாள். "பொண்ணு மறந்துட்டான்னா அது என்னோட போயிடும். அப்பா ஏமாத்தினாருன்னா அது உங்களோட நிக்காது. அம்மா தெருவுல நடக்க முடியாது."

"அதுக்காக நீ இப்படிக் கெடக்கணுமா?"

"வேற என்ன சொல்லிக் குடுத்து வளத்தீங்க? உயிர் போனாலும் பேரு போகக் கூடாதுன்னு தானே. உயிர்கூடப் போகலியே, விடுங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அடித்தது. காய்கறி வாங்கி வந்த விவரம் சொல்வது போலச் சொன்னாள். உள்ளேயிருந்து மறுபடி அந்த ஆ, ஆ என்ற சத்தம் கேட்டது. "அத்தைக்கு மாத்திரை நேரம்" என்று போய்விட்டாள்.

சர்வேயர் தெருமுனை வரை கூட வந்து வழியனுப்பினார். சம்பந்தி கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியை உதறிவிட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது பட்டறைக்காரருக்கு. ஓடவில்லை. நிமிர்ந்தே நடந்து பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. சர்வேயர் நல்ல மனிதர். நல்லதைப் பார்த்தால் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். மகள் செய்த தவறைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்த பட்டறைக்காரரின் பெருந்தன்மை பற்றிப் போகிற இடமெல்லாம் சொன்னார். கதவைப் பிரித்ததையும், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் உள்ளே ஈரம் கசியாததையும் சொன்னார். கேட்டவர்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள்.

"அண்ணே, பொண்ணு சரியில்லாட்டியும் அப்பன் தங்கமாமே" என்றார் ஒரு புது ஆள், பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

பட்டறைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு மேல குத்தமில்ல" என்றார். "அந்தக் கதவ ஒட்டாம விட்டது நான்."

"இதத்தான் எல்லாரும் சொல்றாங்க, நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு" என்று அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டார்.

டயர்க்கடைக்காரரிடம் சொன்னார். "விடுங்கண்ணே, பெத்த மனசு" என்றார் அவர். தன் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அவரை முறைத்துப் பார்த்துவிட்டு, குடும்பத்துப் பெயரை இப்படி ஏலம் போடாதே என்று எழுந்து போய்விட்டார். சொல்லச் சொல்ல அவர் பெயர் வளர்ந்தது. வளர வளர அவள் பெயர் தேய்ந்தது. பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டார். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவள் கணக்கில்தான் போய் விழுகிறது என்று ஆனபின் வாயைத் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது.

அவர் மனைவி இப்போது அவரோடு அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறார், சட்டை தேய்க்கிறார். மழைக்கு மேகம் கட்டினால் மட்டும் எழுந்துபோய் அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்கிறார். பட்டறைக்காரர் வேலையை விடவில்லை. ஒவ்வொரு கதவிலும் கீழ் ஓரத்தை இரண்டு தடவை ஒட்டுகிறார். ஒட்டி முடித்தபின் அங்கேயே குந்தியிருக்கிறார். வண்டிக்காரர்கள் கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிறார்.

சம்பந்தி வீட்டார் பாப்பாவைத் தள்ளிவைத்துவிட்டார்கள், அவள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. அவளை யாரும் அனுப்பவில்லை. அவள் அங்கேயேதான் இருக்கிறாள்.